மதத்தின் பெயரால் ஓங்கும் கை



2019ஆம் ஆண்டு மே மாதத்தில், மகியங்கனைக்கு அண்மையிலுள்ள ஹசலக்கையில் முஸ்லிம் பெண் ஒருவரைப் பொலிசார் கைது செய்தனர். அவர் உடுத்தியிருந்த அங்கியில் சக்கரம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. பௌத்தர்களின் தர்மச் சக்கரத்தை அவர் அவமதித்து விட்டார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரம். மகியங்கனை நீதவான் முன் நிறுத்தப்பட்ட அப்பெண், ஜூன் மாதத் தொடக்கத்தில் பிணை கிடைக்கும் வரை இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவர்மேல் பிரயோகிக்கப்பட்ட சட்டமோ, மத, இனப் பகைமையைத் தூண்டுவோரைத் தண்டிப்பதற்கென 2007இல் இயற்றப்பட்ட சட்டம்!

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2013 ஜூலையில், ரமழான் நோன்பு நாட்களில், அதே மகியங்கனை நகரின் பள்ளிவாசலுக்குள் இரவில் புகுந்த சிலர் கல்லெறிந்து, பன்றி இறைச்சியையும் வீசிவிட்டுப் போயினர். சில நாட்களில் பள்ளிவாசல் மூடப்பட்டது. நோன்பு காலத்தில் தொழ இடமின்றிப் போனவர்கள் அவ்வூரில் பல காலமாகக் கடை வைத்திருந்த சாதாரண மக்கள்.

இவை தூரதேசத்துச் செய்திகளல்ல. நம் ஊவா மாகாணத்திலும் அதன் எல்லையை அடுத்தும் நடந்தவை. நாம் பஸ்ஸில் போய் வரும் ஊர்கள். ஆகவே இவ்வாரப் பாடத்தில் ஒரு கேள்வியை எடுத்துக் கொள்வோம். ஒரு கூட்டம் இன்னொரு சமயத்தவரின் தொழுகையிடத்தை உடைக்கும்போது, அதை உடைப்பது சமயப் பற்றா, அல்லது சமயத்தின் ஆடையை உடுத்திக்கொண்ட வேறொன்றா?

கணக்குப் பேச்சு

முஸ்லிம் மக்களுக்கு எதிராகப் பேசுவோரின் பேச்சைச் சற்றுப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். அதில் கடவுளைப் பற்றியோ, மறுமையைப் பற்றியோ, பாவ புண்ணியத்தைப் பற்றியோ எத்தனை வார்த்தை வருகிறது? அபூர்வமாகவே வரும். வருவதெல்லாம் கணக்கு. அவர்களுக்கு எத்தனை பிள்ளை, எத்தனை கடை, எவ்வளவு காணி, எந்தத் தெருவை வாங்கி விட்டார்கள், இன்னும் எத்தனை வருடத்தில் நாட்டைப் பிடிப்பார்கள் என்ற கணக்கு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் பௌத்தர் நூற்றுக்கு எழுபது பேர். முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேரும் இருக்கவில்லை. இருந்தும் அந்தக் கணக்குப் பேச்சு ஓய்வதில்லை, ஏனெனில் அது எண்ணிப் பார்த்து வந்த கணக்கன்று, அச்சத்திலிருந்து வந்தது.

சமயம் மனிதனைக் கடவுளுக்கு முன் நிறுத்தி, ‘நீ யார்?’ என்று கேட்கிறது. நாம் இங்கே கொள்கைவெறி என்று சொல்வதோ அயலவனை முன்னே நிறுத்தி, ‘இந்த இடம் யாருடையது?’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஆதாரமாகச் சமயத்தின் சின்னங்களை அது எடுத்துக் கொள்கிறது. சக்கரம், சிலுவை, சூலம், பிறை எதுவானாலும் அதற்குச் சரியே. எடுத்துக்கொள்பவனுக்கு விசுவாசம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்திருந்தோரில் 51 பேரைக் கொன்றவன், தன் துப்பாக்கிகளில் பழைய சிலுவைப் போர்க் காலத்துப் பெயர்களை எழுதி வைத்திருந்தான். தான் கிறிஸ்தவனா என்ற கேள்விக்கோ அவனால் நேரான பதில் எழுத முடியவில்லை! ஆலயத்துக்குப் போகாதவன் ஆலயத்தைக் காக்கப் புறப்பட்ட கதை இது.

நம் வீட்டுக் கதையை முதலில் படிப்போம்

பிறரைச் சொல்லுமுன் நம்மவரைச் சொல்வதே முறை. 1626இல், தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றப் போர்த்துக்கேயர் கட்டளையிட்டனர். அவர்கள் கத்தோலிக்கர். ‘மூர்கள் விசுவாசத்தின் பகைவர்’ என்பது அவர்கள் சொன்ன காரணம்; கறுவா, பாக்கு, மிளகு வியாபாரத்தில் அந்த மூர்களே அவர்களுக்குப் போட்டியாளர் என்பது சொல்லாத காரணம். துரத்தப்பட்டவர்களுக்குப் புகலிடம் கொடுத்தவன் கண்டி அரசன் செனரத். பௌத்த அரசனான அவன் அவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் ‘மடிகே’ எனப்படும் பொதிமாட்டுப் போக்குவரத்துச் சேவையில் அரசனுக்கு ஊழியம் செய்தனர். கீழ்க்கரையின் உப்பும் கருவாடும் ஊவா மலைகளுக்கு ஏறி வந்ததும், மலைநாட்டுப் பாக்கு இறங்கிப் போனதும் அவர்களுடைய மாடுகளின் முதுகில்தான். தோட்டங்களும் நம் பாட்டன் பூட்டன்மாரும் இங்கு வருவதற்கு இருநூறு வருடங்களுக்கு முந்திய சங்கதி இது.

அந்த 1626இல் போர்த்துக்கேயத் தளபதியாக இருந்தவன் கொன்ஸ்தந்தீனு த சா. 1630 ஓகஸ்டில் அவன் படையோடு ஊவாவுக்கு ஏறி வந்து பதுளையை எரித்தான். திரும்பும் வழியில் வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெலவில் கொல்லப்பட்டான். பதுளை வாசிகள் இதைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முஸ்லிம்களைத் துரத்தியதும் பதுளையை எரித்ததும் ஒரே கை என்பதைப் பாடப் புத்தகம் சேர்த்துச் சொல்வதில்லை.

1915

மே மாத இறுதியில், வெசாக் நாட்களில், கண்டியில் ஒரு பள்ளிவாசலைக் கடந்து ஊர்வலம் போகும் தகராறில் தொடங்கியது 1915ஆம் ஆண்டுக் கலவரம். முன்னதாகக் கம்பளையில் பெரஹரா மேளம் பற்றிய வழக்கு ஒன்று நீதிமன்றங்களில் இழுபட்டு மனங்களைப் புண்படுத்தியிருந்தது. சில நாட்களுக்குள் அது பல மாகாணங்களுக்குப் பரவியது. 25 பேர் கொல்லப்பட்டனர், பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன, கொள்ளை போன முஸ்லிம் கடைகளின் தொகை நாலாயிரத்துக்கும் மேல். இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மேளச் சத்தத்தில் தொடங்கிய சண்டை எதற்காக நாலாயிரம் கடைகளில் போய் முடிய வேண்டும்? உலக யுத்தத்தால் சாமான் விலை ஏறியிருந்த காலம் அது. கடனும் விலையும் உண்டாக்கிய கோபத்துக்குச் சமயம் ஒரு பெயர் கொடுத்தது. அநகாரிக தர்மபால போன்றோர், முஸ்லிம்கள் அந்நியர், சிங்கள மண்ணின் மைந்தரின் செல்வத்தை உறிஞ்சுவோர் என்று எழுதி, ஐரோப்பாவில் யூதரை வெறுத்தோர் யூதரைப் பற்றிச் சொல்லி வந்ததை இங்கே முஸ்லிம்கள்மேல் பொருத்தினர். கப்பலேறி வந்தது துணியும் சவர்க்காரமும் மட்டுமன்று.

கலவரத்தை அடக்குவதாக ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டுச் சிங்கள மக்கள் பலரை அநியாயமாகச் சுட்டனர். அதைச் சட்டசபையில் எதிர்த்து நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் அநீதியைத் தட்டிக் கேட்டது சரியே. ஆனால் கடையிழந்து, உறவிழந்து நின்ற முஸ்லிம்களுக்காக அதே அளவு குரல் அவரிடமிருந்து எழவில்லை. 1888இல் ‘மூர்கள் இனத்தால் தமிழரே’ என்று வாதாடியவரும் அவரே. நம்மவர் என்று சொந்தம் கொண்டாடும்போது ஒரு குரல், அடிபடும்போது வேறொரு குரல் என்று முஸ்லிம்கள் அதை எடுத்துக் கொண்டனர். இரு சமூகங்களுக்கிடையே அந்த மனத்தாங்கல் நெடுங்காலம் நீடித்தது.

மதமே பேசப்படாத இடத்தில்

தமிழர்களாகிய நாம் ‘இது பௌத்த தீவிரவாதிகளின் வேலை’ என்று கையைக் கழுவிவிட முடியாது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்தவர்கள், சிறுவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர், சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த வாரத்தில் ஏறாவூரில் இன்னொரு படுகொலை. அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். இவற்றைச் செய்தவர்கள் தமிழீழ விடுதலைப் புலிகள். அவ்வியக்கத்தில் சைவரும் இருந்தனர், கத்தோலிக்கரும் இருந்தனர். சமயத்தின் பெயரால் அவர்கள் எதையும் செய்யவில்லை; விடுதலையின் பெயரால் செய்தனர். ஆனால் ‘இந்த இடம் யாருடையது?’ என்ற கேள்வி அங்கேயும் அதேதான். அதற்கு எழுதப்பட்ட விடையும் அதேதான்.

வதந்தி வேலை செய்யும் விதம்

2012இல் பொது பல சேனா தோன்றியபின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிரான கிளர்ச்சி. 2014 ஜூன் 15இல் அளுத்கமையில் அவ்வமைப்பின் கூட்டம் முடிந்த கையோடு வீடுகளும் கடைகளும் எரிந்தன. குறைந்தது மூவர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜனவரியில் ஹிக்கடுவையில் நம் பிரிந்த சகோதரரின் ஜெபக்கூடங்களை அடித்து நொறுக்கியதும் இதே போன்றதொரு கூட்டமே. செப்டெம்பரில் மியன்மாரின் விராத்து பிக்கு கொழும்புக்கு விருந்தாளியாக வந்தார். அவர் எரியவிட்ட நெருப்பு எதில் முடிந்தது என்பதை 2017இல் பார்த்தோம். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரொகிங்யா முஸ்லிம்கள் எல்லை கடந்து வங்காளதேசத்துக்கு ஓடினர்.

ஒன்றை மட்டும் சற்று நின்று பார்ப்போம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து கலக்கப்பட்டதாகக் கூச்சல் எழுந்தது. கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி! ஆனால் முடிவு வருவதற்குள் திகன, தெல்தெனியப் பகுதிகளில் தீ மூண்டுவிட்டது. அங்கே முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கிய சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்தது உண்மை. அது கொடுமை, அதற்கு நீதிமன்றம் உண்டு. ஆனால் நான்கு பேர் செய்த குற்றத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் தண்டனை பெற்றவர்கள் அதோடு சம்பந்தமே இல்லாத பல ஊர் மக்கள். அவசரகாலச் சட்டம் பிறப்பித்து, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்க வேண்டி வந்தது.

மாவுக் கட்டியை மருந்தாக்கியது எது? ‘அவர்கள் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள், நம் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள்’ என்று முன்பே மனதில் ஊன்றப்பட்ட கணக்கு. வதந்தி என்பது காய்ந்த புல்லில் விழும் பொறி. புல்லைக் காயவைத்தவர்கள் வேறே. 2019இல் குருநாகல் போதனா வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்மேல் அதே மலட்டுக் கதை சுமத்தப்பட்டதும், புலனாய்வில் ஆதாரம் எதுவும் கிடைக்காததும், பின்னர் அவர் வேலைக்குத் திரும்பியதும் இதன் தொடர்ச்சியே.

இந்தக் காலத்தில் எதிர்த்து நின்ற பிக்குமாரும் உண்டு. அவர்களில் ஒருவர் நம் மாகாணத்தவர். மகியங்கனைப் பிரதேச சபை உறுப்பினராயிருந்த வட்டரக்க விஜித தேரர் முஸ்லிம்களுக்காகப் பகிரங்கமாகப் பேசினார். 2014 ஏப்ரலில் கொழும்பில் அவர் நடத்திய பத்திரிகையாளர் மாநாட்டுக்குள் பொது பல சேனாவினர் புகுந்து குழப்பினர். அளுத்கமைக்குச் சில நாட்களின் பின், கைகால் கட்டப்பட்டுக் காயங்களோடு தெருவோரம் கண்டெடுக்கப்பட்டார். பிறகு பொய் முறைப்பாடு செய்தாரென்று பொலிசார் அவரையே கைது செய்தனர்! மறுபுறம், பொது பல சேனாவின் ஞானசார தேரர் 2016இல் இஸ்லாத்தை இழிவாகப் பேசியதற்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது 2025 ஜனவரியில். கப்பற் சக்கரச் சட்டை உடுத்திய பெண்ணிடம் அவ்வளவு விரைவாக வந்த நீதி, இங்கே எட்டு வருடத்துக்கு மேல் நடந்து வந்தது.

உயிர்த்த ஞாயிறுக்குப் பின்

இனி நமக்கே கடினமான பகுதி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் உல்லாச விடுதிகள். 260க்கு மேற்பட்டோர் மடிந்தனர். கொன்றவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லியே கொன்றனர். நாம் மேலே கண்ட அதே நோய்தான் அவர்களையும் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்கூட்டத்தின் தலைவன் சஹ்ரானைப் பற்றிப் பொலிசாரிடம் முன்பே முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். அவ்வாண்டு ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் வெடிமருந்துக் களஞ்சியம் பிடிபட உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவர், மார்ச் மாதம் தம் வீட்டில் வைத்துத் தலையில் சுடப்பட்டார். நம் ஆலயங்களைக் காக்க முனைந்ததற்காக இரத்தம் சிந்திய முதல் மனிதர் ஒரு முஸ்லிம். இதை எத்தனை ஞானோபதேச வகுப்புகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? தாக்குதலின்பின், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபை குண்டுதாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்க மறுத்தது.

கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முஸ்லிம் மக்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்ப வேண்டினார். நீர்கொழும்பில் மே 5இல் கலவரம் மூண்டபோது நேரே சென்றார். பெரும்பாலான கத்தோலிக்கர் அதற்குச் செவி கொடுத்தனர். எல்லோரும் அல்லர். மே 12இல் சிலாபத்தில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்னும் கருத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில் எழுதிய சிறு வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் கூடியது. சிலாபம் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அது மறைமாவட்டத் தலைநகர். மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடை என்று பரவி, கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எரித்தவர்களில் பலர் கத்தோலிக்கரோ பௌத்தரோ என்பதல்ல இங்கே பேச்சு. நம்முடைய மரித்தோரின் பெயரைச் சொல்லிக் கொண்டு எரித்தார்கள். அதற்கு நாம் அனுமதி கொடுத்தோமா, இல்லையா?

2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொவிட் நோயில் இறந்தோரைப் புதைக்கக் கூடாது, எரிக்கவே வேண்டும் என்றது அரசாங்கம். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியிருந்தும் அக்கட்டளை நீடித்தது. முஸ்லிம்களைக் குறிவைத்த அந்தச் சட்டத்தால், கல்லறையில் இளைப்பாற வேண்டிய நம்மவர் உடல்களும் தகனசாலைக்குப் போயின. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

திருச்சபை சொல்வது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28இல் வெளியிட்ட ‘நொஸ்திரா ஏத்தாத்தே’ என்னும் ஏடு, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்கிறது. ஒரே கடவுளை அவர்கள் வணங்குவதையும், இயேசுவை இறைவாக்கினராகப் போற்றுவதையும், அவருடைய கன்னித் தாயை வணக்கத்தோடு அழைப்பதையும் எடுத்துரைக்கிறது. கடந்த காலப் பகைமைகளை மறந்து நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் சேர்ந்து உழைக்கச் சொல்கிறது. இது ஒரு மேற்றிராணியாரின் தனிப்பட்ட அபிப்பிராயமன்று, பொதுச்சங்கத்தின் போதனை. 1972இல் நம் பதுளை மறைமாவட்டம் பிறந்தபோது, கண்டியை விட்டு இங்கே விரும்பி வந்த முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை, அயல் சமயத்தவரோடு கூடி வாழ்வதை மறைமாவட்டத்தின் அன்றாட வேலையாக்கினார்.

மத்திய ஆபிரிக்கக் குடியரசில் 2014இல் கிறிஸ்தவப் பெயர் கொண்ட ஆயுதக் கும்பல்கள் முஸ்லிம்களை வேட்டையாடின. கழுத்தில் ஜெபமாலை போட்டுக்கொண்டு திரிந்தவர்களும் அவர்களில் இருந்தனர். அந்நாட்டின் கார்னோ என்ற ஊரில் கத்தோலிக்கப் பங்குக் கோயில் வளாகத்தில் நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் மாதக்கணக்கில் தங்கினர். தலைநகர் பங்குயியில் பேராயர் நசாபலைங்கா, இமாம் லயாமாவைக் குடும்பத்தோடு தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார். 2015 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கு போனபோது, பள்ளிவாசலுக்கும் சென்றார்.

தோட்டத்து வாசகர்களுக்கு

‘எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன? நானா கடையில் கடன் கொப்பியில் கூட்டி எழுதுகிறார்கள்’ என்று சிலர் சொல்வதுண்டு. அதிக விலை எடுக்கும் கடைக்காரர் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார். அவரிடம் விலையைப் பற்றிப் பேசுங்கள். அவருடைய மதத்தை அதற்குள் இழுத்த மறுகணமே நீங்கள் 1915இன் மொழியைப் பேசத் தொடங்கிவிட்டீர்கள். அந்த மொழி நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பெற்றோரிடம் பேசியதும் அதே மொழிதான்: நீங்கள் வந்தேறிகள், எண்ணிக்கை அதிகம், மண் உங்களுடையதன்று. 1983 ஜூலை 27, புதன்கிழமை, பதுளை நகரில் தமிழர் கடைகளை எரித்ததும், பண்டாரவளை, வெலிமடை என்று பரவியதும் அந்த மொழியே. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர் 25க்கு மேற்பட்டோரை, பொலிசார் பார்த்து நிற்க, கூட்டம் அடித்தும் எரித்தும் கொன்றது. முந்திய நாளிலேயே சுவரொட்டிகள் தயாராகியிருந்தன. ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 2005ஆம் ஆண்டளவில் எல்லோரும் விடுதலையாயினர்.

இந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் வீட்டில் கூடியிருக்கும்போது சிலவற்றைப் பேசிப் பாருங்கள். முஸ்லிம்களைப் பற்றி இந்த மாதம் நம் வீட்டுக் கைத்தொலைபேசிக்கு வந்த செய்தி எது? அனுப்பியவர் அதைக் கண்ணால் கண்டவரா? நாம் அதை யாருக்கு அனுப்பினோம்? நம் பிள்ளைகள் முன்னால் அவர்களை எந்தப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம்? பிள்ளைகளின் வகுப்பில் நோன்பு பிடிக்கும் மாணவர் எத்தனை பேர், அவர்களில் யாருடைய வீட்டுக்காவது பெருநாளன்று போனதுண்டா? பெரியவர்களிடமும் கேளுங்கள்: 1983 ஜூலையில் நாங்கள் எந்த வீட்டில் ஒளிந்திருந்தோம், கதவைத் திறந்தவர் யார், அவருடைய குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது?